பதினொரு பைலட்

எங்கள் வீட்டில் பதினொரு பைலட் இருக்கிறார்கள் என்று நான் பள்ளிக்கூடத்தில் சொன்னேன். அதுவரை நான் சொன்ன எதையும் யாரும் நம்பியதில்லை. ஏரியில் முதலை வந்தது, ரயில் எங்கள் ஊரில் எனக்காக ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றது என்று நான் விட்ட கதைகளுக்கெல்லாம் சிரித்தவர்கள், அன்றைக்கு மட்டும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். எழுபத்தொன்றாம் வருஷம் டிசம்பர் மாதம், பாகிஸ்தானோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஒன்பது வயது.

நான் சொன்னது பொய்யில்லை. பெரியப்பா அவற்றை அப்படித்தான் கூப்பிடுவார். அவை விமானம் ஓட்டுகிறவர்கள் சண்டையில் தலையில் மாட்டிக்கொள்ளும் இரும்புத் தொப்பிகள். எங்கள் வீட்டை ஒட்டி இறக்கிய ஓலைச் சாய்ப்பில், பலகைமேல் வரிசையாகப் பதினொன்று இருந்தன. “பைலட்டுக்கெல்லாம் தூசி படிஞ்சிக்கீது” என்பார். “இந்த பைலட்டுக்கு வாரு அறுந்துடுச்சி” என்பார். அதுவரை அவர் வாயிலிருந்து தொப்பி என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. எனக்கும் அவை பைலட்தான்.

பெரியப்பா என் நைனாவுக்கு அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருந்தார். ஆரம்பாக்கத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில் எங்கள் ஊர். நைனா ரயில் பாதையில் கல் கொட்டும் வேலை பார்த்தார். பெரியப்பா கும்மிடிப்பூண்டிப் பக்கம் பழைய இரும்பை உருக்கும் ஒரு பட்டறைக்கு சைக்கிளில் போய்வந்தார். லாரியில் வந்து இறங்கும் குப்பையிலிருந்து பித்தளையைத் தனியாக, அலுமினியத்தைத் தனியாக, இரும்பைத் தனியாகப் பிரித்துப் போடுவது அவர் வேலை. மிலிட்டரிக் கழிவு என்று எப்போதாவது ஒரு லோடு வரும். அதில் பைலட் இருந்தால் மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்துவிடுவார். பட்டறைக்கு லீவு என்றால் மெட்ராஸுக்கு ரயிலேறிப் போய்க் காயலான் கடைகளில் பழைய இரும்புக் குவியலுக்கு முன்னால் குந்திக்கொண்டு தேடுவார். முதல் தொப்பி நான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டதாம்.

எல்லாத் தொப்பியும் அவருக்கு ஆகாது. வெறும் துணித் தொப்பி, வெறும் தோல் தொப்பி என்றால் கையால்கூடத் தொடமாட்டார். வெளியே இரும்புத் தகடு இருக்கவேண்டும். காதுக்கு நேராகக் கீல் வைத்த இரண்டு இரும்பு மடல் தொங்கவேண்டும். இரண்டு காதுக்கும் கதவு வைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்வேன். தரையிலிருந்து மேலே சுடும்போது தெறிக்கிற துண்டு மண்டைக்குள் போகாமல் இருப்பதற்காம். மோவாய்க்குக் கீழே தோல் வார் ஒன்று, சிலதில் இரண்டு. ஒவ்வொன்றிலும் கொக்கி வேறு மாதிரி இருக்கும். ஊரில் மற்ற ஆம்பிளைகள் பத்து வருஷத்தில் பசு வாங்கினார்கள், ஓட்டு வீடு கட்டினார்கள், எங்கள் பெரியப்பா பதினொரு மண்டை சேர்த்தார். இது அம்மா சொல்வது. செத்தவன் தலையில் இருந்ததோ என்னவோ, அதைப் போய் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாரே என்று அம்மாவுக்குத் தீராத மனக்குறை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் நானும் பெரியப்பாவும் சாய்ப்பில் உட்காருவோம். தோல் வெடிக்காமல் இருக்க விளக்கெண்ணெய் தடவவேண்டும். அதற்கென்று வாரம் தவறாமல் கடையில் ஓர் ஆழாக்கு விளக்கெண்ணெய் வாங்குவார். துணியில் நனைத்து வார் வாராக நான் தேய்ப்பேன். தேய்த்து முடித்த பிறகு விளையாட்டு. ஒரு பைலட்டை என் தலையில் மாட்டி, வாரைப் பூட்டி, என்னைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைப்பார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வார். என் தலை ஒரு நூல்கூட அசையாமல் அதை அவர் கழற்றவேண்டும். அசைந்துவிட்டால் அவர் தோற்றார்.

அவர் விரல் என் மோவாய்க்கீழே வந்துபோவதே தெரியாது. கொக்கி எப்போது விட்டது, மடல் எப்போது விரிந்தது என்று எனக்குப் பிடிபடாது. திடீரென்று மயிரில் காற்றுப் படும், கண்ணைத் திறந்தால் பைலட் அவர் கையில் இருக்கும். இரும்பு பிரிக்கிற, காய்த்துப்போன கை அது. எப்போதும் அவரே ஜெயிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் சில நாள் வேண்டுமென்றே தலையை வெடுக்கென்று திருப்பிவிடுவேன். திருப்பிவிட்டு, தோத்துட்டியா என்று கைகொட்டிச் சிரிப்பேன். அவர் சிரிக்கமாட்டார். தொப்பியை வைத்துவிட்டு எழுந்து போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டிருப்பார். தோற்றால் மூஞ்சி தொங்கிப்போகிற ஆள் என்று அவரைப்பற்றி நான் முடிவுகட்டியிருந்தேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெரியப்பா ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருவார், ஆனால் சாமியார் நாக்கில் வைக்கும் நன்மை அப்பத்தை வாங்கமாட்டார். எல்லாரும் எழுந்து வரிசையில் போய் நாக்கை நீட்டும்போது அவர் மட்டும் முட்டிபோட்டபடியே இருப்பார். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு எனக்கு முதல்முறையாக நன்மை, அதாவது புது நன்மை, கொடுப்பதாக இருந்ததால் தினமும் சாயங்காலம் உபதேசியாரிடம் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். செய்த பாவத்தைச் சாமியார் காதில் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர்கள் நன்மை வாங்கக்கூடாது என்று பாடத்தில் வந்தது. வாங்காமல் இருப்பவர்களைப்பற்றிப் பாடத்தில் ஒன்றும் வரவில்லை. அவருக்கு அந்த அப்பத்தின் ருசி பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சண்டை வந்ததும் ஊருக்கு ஒரு புதுச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று தண்டோரா போட்டார்கள். ஜன்னலுக்கெல்லாம் சாக்கு தொங்கியது. பழவேற்காட்டுக்கு நேரே கடலுக்கடியில் கப்பல் வந்து நிற்கிறது என்று மீன்கூடைக்காரிகள் சொல்லிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் பெரிய வாத்தியார் எல்லாரையும் நிற்கவைத்து, எதிரி வானத்திலிருந்து குடை பிடித்துக் குதிப்பான், அந்நியர் யாரைப் பார்த்தாலும் உடனே பெரியவர்களிடம் சொல்லவேண்டும் என்றார். அன்று பகல் சாப்பாட்டு நேரத்தில் மளிகைக் கடைக்காரர் மகள், தன் மாமா மிலிட்டரி லாரி ஓட்டுகிறார் என்று பெருமை பேசினாள். பத்து பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

“எங்க ஊட்ல பதினோரு பைலட்டு கீறாங்க” என்றேன். “எங்க பெரியப்பா வெச்சிக்கீறாரு.”

மளிகைக் கடைக்காரர் மகள் நம்பாமல், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டாள். சும்மாதான் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை நானும் பெரியப்பாவும் எண்ணெய் தேய்த்துவிடுவோம் என்றேன். தப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. எண்ணிக்கைகூடச் சரி.

அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னாள். அவள் அப்பா சாதாரணமாகச் சிறுபிள்ளைப் பேச்சுக்குக் காது கொடுக்கிறவர் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வாரம் ஓர் ஆழாக்கு விளக்கெண்ணெய் அளந்து ஊற்றுகிறவர் அவர்தான். இத்தனை எண்ணெய் யார் தலைக்கு என்று அவருக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். அம்மா அந்த வாரம் கிறிஸ்துமஸ் அதிரசத்துக்கென்று நாலு படி பச்சரிசியும் இரண்டு வீசை வெல்லமும் கூடுதலாக வாங்கியிருந்தாள். கணக்கு நேராகிவிட்டது. பதினொரு ஆள் சோறு, பதினொரு தலை எண்ணெய், சாய்ப்பு ஜன்னலுக்கு மட்டும் இரண்டு சாக்கு. சாயங்காலத்துக்குள் மணியக்காரர் காதுக்குப் போய், அங்கிருந்து ஸ்டேஷனுக்குப் போனது.

மறுநாள் காலை பெரியப்பா சைக்கிளை எடுக்கும்போது ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிளும் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊரே நின்றது. சிலர் கையில் உலக்கை, சிலர் கையில் கடப்பாரை. ஏரிக்கரையிலிருந்து வந்த இரண்டு பேர் பைலட்டுகளைப் பிடிப்பதற்கென்று வலை கொண்டுவந்திருந்தார்கள். நான் வாசற்படியில் நாஷ்டாத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். இத்தனை பேர் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சாய்ப்புக் கதவைக் கான்ஸ்டபிள் உதைத்துத் திறந்தார். உள்ளே போன இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரத்தில் ஒரு தொப்பியைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, கூட்டத்தைப் பார்த்து, “இதான்யா உங்க பைலட்டு” என்றார். வலை கொண்டுவந்தவர்களே முதலில் சிரித்தார்கள். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தோடு முடிந்திருக்கவேண்டும்.

ஆனால் இன்ஸ்பெக்டருக்கு எழுதிக்கொண்டு போக ஏதாவது வேண்டியிருந்தது. இத்தனை தூரம் வந்திருக்கிறார். மிலிட்டரி சாமான் ஒரு கூலிக்காரன் வீட்டில் ஏன் இருக்கிறது, எங்கே திருடியது, யாருக்குக் கொடுக்க வைத்திருக்கிறாய் என்று ஆரம்பித்தார். திருடியதில்லை, குப்பையில் வந்தது, மேஸ்திரியைக் கேட்டுப்பாருங்கள் என்றார் பெரியப்பா. சரி, வாங்கியதாகவே இருக்கட்டும், விற்கவில்லை, போட்டுக்கொள்ளவில்லை, எதற்காக வைத்திருக்கிறாய் என்று கேட்டார். பெரியப்பா சைக்கிள் சீட்டைத் துண்டால் துடைத்தார். மூன்று தரம் கேட்டும் சொல்லவில்லை. நைனா, எங்கண்ணன் ஒரு மாதிரி சுபாவம், மன்னிச்சிக்கங்க என்று கையைக் கூப்பினார். அம்மா அழ ஆரம்பித்தாள்.

இன்ஸ்பெக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “இந்தப் பொண்ணுதான சொன்னது? இதையும் ஏத்து. ஸ்டேஷன்ல ஒக்கார வெச்சிக் கேட்டா எல்லாம் சொல்லும்.”

நிஜமாகவே என்னை ஏற்றியிருப்பாரா என்று தெரியாது. கான்ஸ்டபிள் என் பக்கம் ஓர் அடி வைத்தார், அவ்வளவுதான். தட்டு என் மடியிலிருந்து கீழே விழுந்தது. பெரியப்பா சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு முன்னால் வந்தார்.

“கொழந்தய வுடுங்க சார். நான் சொல்லிட்றேன்” என்றார்.

அவர் ஒரே மூச்சாய் அத்தனை பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்துப் பேசவில்லை. அவர் கையில் இருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“அப்போ எனக்குப் பதினாறு வயசு. வெள்ளக்காரன் சண்ட. சோழவரம் பக்கம் ஏரோப்ளேன் எறங்கறதுக்கு ரோடு போட்டுக்கினு இருந்தாங்க. கூடையில சரளக்கல்லு தூக்கறது என் வேல. ஒருநாளு ஒரு ப்ளேனு எறங்க முடியாம வயல்ல வந்து வுழுந்துடுச்சி. மொத ஆளா நான்தான் ஓடுனேன். அவரு வெளிய வரப்புமேல மல்லாக்கக் கெடந்தாரு. உசுரு கீது. கண்ணு தொறந்து கீது. மீச கூட சரியா மொளைக்கல, என் வயசோ ஒண்ணு ரெண்டு கூடவோ. என்னப் பாத்துக் கைய இப்பிடி ஆட்டுனாரு.”

ஆட்டிக் காட்டினார். உள்ளங்கை கீழே பார்க்க, விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன. கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அதற்கு ஒரே அர்த்தம்தான். பிள்ளையை, ஆட்டை, பஸ்ஸை, மீன்காரியை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

“வான்னு கூப்புடறாருன்னு நெனச்சிக்கினு கிட்ட போனேன். மறுபடி ஆட்டுனாரு. இன்னும் கிட்ட போனேன். தலையில இந்தத் தொப்பிதான். இறுக்கிக்கினு கீது. மூச்சு வுட முடியாமத்தான் கூப்புடறாருன்னு பட்டுச்சி. வாரு எப்பிடி அவுக்கறதுன்னு எனக்கு இன்னா தெரியும்? புடிச்சி இழுத்தேன். வர்ல. மறுதபா நல்லா இழுத்தேன். வந்துடுச்சி. அப்புறம் அவரு கை ஆடல.”

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தொப்பியைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார்.

“கழுத்து ஒடஞ்சிருந்துச்சாம். அசைக்காம வுட்டிருந்தா பொழச்சிருப்பாராம். டாக்டரு தொர என்ன அறஞ்சிட்டுக் கத்துனத ஒரு பட்லருதான் தமிழ்ல சொன்னாரு. வெள்ளக்காரங்க அப்பிடிக் கைய ஆட்னா வான்னு அர்த்தம் இல்லியாம். போன்னு அர்த்தமாம். கிட்ட வராத, தொடாதன்னு அர்த்தமாம்.” இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தொப்பியின் வாரை விரலால் தொட்டார். “இத்தினியும் ஏன் வெச்சினுக்கீறன்னு கேட்டீங்களே. எப்பிடி அவுக்கறதுன்னு கத்துக்கத்தான் சார்.”

இன்ஸ்பெக்டர் மோசமான ஆள் இல்லை. சரிய்யா, தெரியாமச் செஞ்சதுதானே என்று ஏதோ முணுமுணுத்தார். ஆனாலும் அரசாங்கச் சாமான் என்பதால் பதினொன்றையும் எடுத்துப்போய் விசாரித்துவிட்டுத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார். கான்ஸ்டபிள் சாக்கை விரித்தார். பெரியப்பா ஒவ்வொன்றாக எடுத்து, காது மடலை மூடி, வாரைக் கொக்கியில் மாட்டி, அதற்குப் பிறகுதான் சாக்கில் வைத்தார். பதினொன்றுக்கும் அப்படிச் செய்து முடிக்கிற வரையில் ஜீப் நின்றுகொண்டிருந்தது. அவை திரும்பி வரவே இல்லை, அவரும் போய்க் கேட்கவில்லை.

ஜீப் போனதும் நான் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். அவரை அழைத்துப் போகவில்லை, என்னையும் அழைத்துப் போகவில்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எனக்கு அப்படி ஒரு ஆறுதல். அவர் என் தலையில் கை வைத்தார், ஆனால் கீழே குனிந்து என்னைப் பார்க்கவில்லை. அம்மா என்னை அடிக்கவில்லை. அதிலிருந்தே நான் ஒன்றும் பெரிய தப்பு செய்யவில்லை என்று புரிந்துகொண்டேன். அன்று மத்தியானம் பெரியப்பாவுக்குப் போட்ட சோறு அப்படியே இருந்தது, அம்மா அதை நாய்க்குக் கொட்டினாள்.

சண்டை முடிந்தது. ஜன்னல் சாக்கை அவிழ்த்தார்கள். ஊருக்கு வேறு விளையாட்டு கிடைத்தது. பெரியப்பா சைக்கிளில் போகும்போது டீக்கடைப் பக்கமிருந்து யாராவது ஒருவன் கையை ஆட்டுவான், உள்ளங்கை கீழே பார்க்க. அவர் நிற்பாரா போவாரா என்று பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு தமாஷ். முதலில் ஒன்றிரண்டு பேர் செய்தார்கள். பிறகு பள்ளிக்கூடத்துப் பையன்கள் கற்றுக்கொண்டார்கள். கொடியவர்கள் என்று சொல்லமுடியாது, வேலையற்றவர்கள், அவ்வளவுதான். ஒருநாள் நானும் ஆட்டினேன்.

பள்ளிக்கூடம் விட்டு வாசலில் நின்றிருந்தோம். பெரியப்பா பட்டறையிலிருந்து வந்துகொண்டிருந்தார். பையன்கள் நாலைந்து பேர் கையை ஆட்டினார்கள். நான் ஆட்டியது கேலிக்கு இல்லை. கால் வலித்தது, சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவார் என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். பிரேக் பிடித்து ஒரு காலைத் தரையில் ஊன்றினார். என் கையைப் பார்த்தார், பக்கத்திலிருந்த பையன்கள் கையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். நான் இன்னும் வேகமாக ஆட்டினேன். அவர் காலை எடுத்துப் பெடலில் வைத்து, என்னைத் தாண்டிப் போய்விட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்று பூரா அவரோடு பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது, ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு நெல் மில்லில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஒரு தகரப்பெட்டியோடு கிளம்பிப் போனார். புது நன்மைக்காவது இருந்துவிட்டுப் போகச்சொல்லி நைனா கெஞ்சினார். மில்காரர் காத்திருக்கமாட்டார் என்றுவிட்டார். பிறகு எங்கள் ஊருக்கு அவர் வந்தது இரண்டு சாவுக்கு மட்டும். இரண்டு தடவையும் பஸ்ஸைவிட்டு இறங்கிக் குனிந்த தலையோடு நடந்து வந்து, அப்படியே திரும்பிப் போனார். இருபத்தேழு வருஷமாகச் சாமியாரின் காதில்கூடப் போட முடியாத ஒன்றை, உலக்கையும் வலையும் வைத்துக்கொண்டு நின்ற கூட்டத்துக்கு நடுவில் அவரைச் சொல்லவைத்தவள் நான் என்பது எனக்கு விளங்க, நான் இரண்டு பிள்ளை பெற்று வளர்க்கவேண்டியிருந்தது. அதற்குள் அவர் இறந்துபோய்விட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலை எனக்கு முதல் பாவசங்கீர்த்தனம். செய்த பாவம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் யோசித்து வைத்துக்கொள்ளவேண்டும் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். நான் விரல்விட்டு எண்ணி வைத்திருந்தேன். அம்மாவுக்குத் தெரியாமல் அதிரச மாவு தின்றது, தங்கையைக் கிள்ளியது, செபமாலை சொல்லும்போது தூங்கியது, முதலை வந்ததாகச் சொன்னது. பைலட் விஷயத்தையும் நினைத்துப் பார்த்தேன். அது பொய்யே இல்லை என்பதால் சேர்க்கவில்லை. பெரியப்பாவோடு பேசாமல் இருந்ததைச் சேர்க்கலாமா என்று யோசித்து, ஏற்றிக்கொள்ளாமல் போனது அவர்தானே என்று விட்டுவிட்டேன்.

வரிசையில் என் முறை வந்தது. முட்டிபோட்டு, சின்னச் சின்ன ஓட்டை போட்ட பலகைக்கு நேரே வாயை வைத்து, நாலையும் தடங்கல் இல்லாமல் சொன்னேன். பலகைக்கு அந்தப் பக்கம் சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

“வேற ஏதாச்சும் இருக்காம்மா? நல்லா யோசிச்சிச் சொல்லு” என்றார்.

நன்றாக யோசித்தேன்.

“இல்ல சாமி” என்றேன்.